வேத தியானத்திற்குப் படம் வரைதல்: எரேமியா வகுப்பில் எழுந்த கேள்வி

ஒலிவக்கிளை எழுதியது:

எங்கள் சேகரத்துப் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் லெந்து நாட்கள் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம்) தொடங்கியதிலிருந்து, வேதாகமத்திலுள்ள எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகத்தைப் படித்து வருகிறோம். வாரந்தோறும் ஏழெட்டு அதிகாரங்களை வீட்டில் வாசித்துவிட்டு வருவோம். வகுப்பில் அவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்து விளக்கம் கேட்போம். பிறகு அரை மணி நேரம், மனத்தில் தங்கியதை அவரவர் படமாகவோ எழுத்தாகவோ வரைந்துகொள்வோம். சிலர் தனி நோட்டிலும் சிலர் வேதாகமத்தின் ஓரத்திலுமே வரைகிறார்கள். ஆங்கிலத்தில் இதற்கென்றே அகன்ற ஓரம் விட்டு அச்சிட்ட வேதாகமங்கள் கிடைக்கின்றன. நம்முடைய தமிழ் வேதாகமத்தில் ஓரம் என்று பார்த்தால் ஒரு விரற்கடை கூடத் தேறாது.

நான்காம் வாரம் 29-ஆம் அதிகாரம் வந்தது. வந்திருந்த பதினான்கு பேரில் பதினொருவர், ‘அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே’ என்று கர்த்தர் சொல்லும் 11-ஆம் வசனத்தை மட்டும் எழுதி, அதைச் சுற்றிப் பூக்களை வரைந்திருந்தார்கள். பக்கங்கள் அழகாகவே இருந்தன. ஒரு சகோதரியின் ஸ்கெட்ச் பேனா மை தாளில் ஊறிப் பின்பக்கத்து எழுத்துகளைக் கெடுத்துவிட்டது. அதைக் கண்ட சபைப் பெரியவர் ஒருவர், வேதப் புத்தகம் பிள்ளைகளின் டிராயிங் நோட்டு அன்று என்று கடிந்துகொண்டார்.

அவர் சொன்னது கொஞ்சம் வருத்தியது. ஆயினும் வீட்டுக்கு வந்த பிறகு என் மனத்தை அரித்தது அந்தப் பதினொரு ஒரே மாதிரியான பக்கங்கள்தான். ஒரே அதிகாரத்தை வாசித்த பதினொருவருக்கும் அதே வசனமும் அதே பூக்களும்தான் தோன்றின என்றால், நாங்கள் படித்தோமா, அல்லது ஏற்கெனவே தெரிந்ததை அலங்கரித்தோமா? தாளைக் கெடுக்காமல் வரையும் வழியையும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

பைண்டர் எழுதியது:

இரண்டாம் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும். வேதாகமத்திற்குப் பயன்படும் தாள் பெரும்பாலும் சதுர மீட்டருக்கு 30 முதல் 40 கிராம் வரைதான் எடையுள்ளது. நாம் ஜெராக்ஸ் எடுக்கும் தாள் 70 முதல் 80 கிராம். நீர்வண்ணத் தாளோ 300 கிராம் வரை போகும். ஆகவே ஸ்கெட்ச் பேனா, மார்க்கர், நீர்வண்ணம் ஆகிய மூன்றையும் வேதாகமத்தின் பக்கம் கொண்டுபோக வேண்டாம். வண்ணப்பென்சில் ஊறாது, ஆனால் அழுத்தினால் பின்பக்கம் தடம் விழும் என்பதால் அடியில் ஓர் அட்டையை வைத்துக்கொள்ளுங்கள். பேனாதான் வேண்டுமென்றால், நிறமித்துகள் கலந்த மையுள்ள மெல்லிய முனைப் பேனாவைக் கடைசி வெற்றுத் தாளில் சோதித்துவிட்டுப் பயன்படுத்தலாம். ஜெஸ்ஸோ என்ற பூச்சை முதலில் தடவிவிட்டு வரைகிறவர்களும் உண்டு. அது மையை உள்ளே விடாது. ஆனால் பக்கம் தடித்துச் சுருங்கும். இருபது பக்கங்களுக்கு மேல் அப்படிப் பூசினால் முதுகுத் தையல் விட்டுப்போவது உறுதி. அப்படி விட்டுப்போனவை என்னிடம் வந்திருக்கின்றன.

இவற்றைவிட நல்ல வழி ஒன்று உண்டு. டிரேசிங் தாளைப் பக்கத்தின் அளவுக்கு வெட்டி, தையல் ஓரத்தில் மெல்லிய பட்டையாக ஒட்டுங்கள். வசனம் அடியில் தெரிந்துகொண்டே இருக்கும், படம் அதன்மேல் வரும், வேண்டாதபோது புரட்டிவிடலாம். இடைத்தாள் சேர்ப்பது புதிய பழக்கமும் அன்று. அமெரிக்கப் போதகர் ஜோனத்தன் எட்வர்ட்ஸ், சிறிய அச்சு வேதாகமம் ஒன்றைப் பிரித்து, பெரிய வெற்றுத் தாள்களை இடையிடையே வைத்துக் கட்டிய தொகுதியில் 1730 முதல் குறிப்பெழுதி வந்தார். 5,000-க்கும் மேற்பட்ட குறிப்புகளைக் கொண்ட அத்தொகுதி இன்று யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

பெரியவருக்கு ஒரு வார்த்தை. பழுதுபார்க்க வரும் பழைய வேதாகமங்களில் சிவப்பு நீலப் பென்சில் கோடுகளும், முதல் தாளில் பிறந்த நாள், ஞானஸ்நானம் பெற்ற நாள், இறந்த நாள் ஆகியவையும், நடுவே காய்ந்த குருத்தோலைச் சிலுவையும் இல்லாத ஒன்றை நான் பார்த்ததே அரிது.

எழுத்தர் எழுதியது:

சகோதரி, உங்களைக் கடிந்துகொண்ட பெரியவரின் பக்கத்திலிருந்து ஒருவன் பேசுவதும் நல்லது என்று நினைக்கிறேன். விக்கிரகம் உண்டாக்க வேண்டாம் என்ற யாத்திராகமம் 20:4-ஐ நான் எடுக்கப்போவதில்லை. வணங்குவதற்காக ஒருவரும் இங்கே படம் வரையவில்லை; அந்த அதிகாரத்திற்குப் பதினோர் அதிகாரங்கள் தள்ளி, ஆசரிப்புக் கூடாரத்தின் கைவினைஞனான பெசலெயேலைத் தம் ஆவியால் நிரப்பி விநோதமான வேலைகளைச் செய்யவைத்தவரும் அதே தேவன்தான்.

என் மனக்குறை வேறு. இணையத்தில் காணப்படும் இத்தகைய பக்கங்களைச் சில ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். திரும்பத் திரும்பப் பத்துப் பன்னிரண்டு வசனங்களே வருகின்றன. எரேமியா 29:11 வருகிறது, எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு என்ற பிலிப்பியர் 4:13 வருகிறது, அமர்ந்திருந்து நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள் என்ற சங்கீதம் 46:10 வருகிறது. ஆலயத்தைக் கள்ளர் குகை என்று தீர்க்கதரிசி சொன்ன 7-ஆம் அதிகாரத்தையோ, தான் பிறந்த நாளையே அவர் சபித்த 20-ஆம் அதிகாரத்தையோ பூச்சட்டத்துக்குள் வைத்த ஒருவரையும் நான் கண்டதில்லை. 36-ஆம் அதிகாரத்தில் ராஜாவாகிய யோயாக்கீம், எரேமியாவின் வார்த்தைகளை எழுதிய சுருளை வாசிக்க வாசிக்கச் சூரிக்கத்தியால் அறுத்து நெருப்பில் போட்டான். நாம் நெருப்பில் போடுவதில்லை. பிடித்த துண்டை அழகாகக் கத்தரித்து எடுத்துக்கொண்டு, மீதியைப் படிக்காமல் விட்டுவிடுகிறோம். 29:10 என்ன சொல்லுகிறது என்று அந்தப் பதினொருவரையும் கேட்டுப் பாருங்கள்.

மல்லிகா_தோட்டம் எழுதியது:

ஐயா சொன்னதில் பிலிப்பியர் 4:13-ஐப் பற்றி நானே சாட்சி. தேர்வு எழுதப் போன என் மகளுக்கு அதை வாழ்த்து அட்டையில் எழுதிக் கொடுத்தேன். சிறையிலிருந்து எழுதும் பவுல், பட்டினியாயிருக்கவும் தமக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு எழுதிய வரி அது என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

கரையூர் எழுதியது:

நான் மன்னாரைச் சேர்ந்த கத்தோலிக்கன். இறைவார்த்தைத் தியானத்தை நாங்கள் பயிலும் முறை இவ்விடத்தில் உதவக்கூடும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த இரண்டாம் கீகோ என்ற துறவி, வாசித்தல், தியானித்தல், மன்றாடுதல், ஆழ்ந்திருத்தல் என்று நான்கு படிகளை வகுத்தார். வாசிப்பு உணவை வாயில் வைக்கிறது, தியானம் அதை மெல்லுகிறது, மன்றாட்டு சுவையைக் காண்கிறது, நான்காவது படி அந்த இனிமையேதான் என்பது அவர் தந்த உவமை. மாடு அசைபோடுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதற்கு உரை வேண்டியதில்லை.

படம் வரைவது இரண்டாம் படிக்கு உரிய வேலை என்பது என் எண்ணம். கையில் பென்சில் இருக்கும்போது கண் மெதுவாகவே நகரும். ஆகவே மெல்லுவதற்கு அது பொருத்தமானது. ஒலிவக்கிளை அக்காவின் வகுப்பில் நடந்தது என்னவென்றால், முதல் படியில் உணவை வாயில் வைக்காமலே மெல்லத் தொடங்கியிருக்கிறார்கள். வாயில் ஏற்கெனவே கிடந்த மிட்டாயைத்தான் மென்றார்கள் என்றும் சொல்லலாம்.

மெதுவாக வேலை செய்வது பற்றி ஒரு செய்தியையும் சேர்க்கிறேன். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்திலுள்ள புனித யோவான் ஆசீர்வாதப்பர் மடம், விவிலியம் முழுவதையும் கன்றுத்தோலில் கையால் எழுத டொனால்ட் ஜாக்சன் என்ற எழுத்துக்கலைஞரை 1998-இல் அமர்த்தியது. முதல் சொற்கள் 2000-ஆம் ஆண்டிலும் கடைசி ஆமென் 2011-ஆம் ஆண்டிலும் எழுதப்பட்டன. 160 ஓவியங்கள் அதில் உள்ளன. எழுதியவர்கள் சில இடங்களில் ஒரு வரியைத் தவறவிட்டார்கள். தோலை வீணாக்காமல், விடுபட்ட வரியைப் பக்கத்தின் அடியில் எழுதி, ஒரு பறவை அதைக் கயிற்றால் உரிய இடத்துக்கு இழுத்துச் செல்வதுபோல வரைந்துவிட்டார்கள். எனக்கு அந்த ஏட்டில் மிகவும் பிடித்த ஓவியம் அந்தப் பறவைதான்.

இறையியல் மாணவன் எழுதியது:

எரேமியாவைத் தேர்ந்தெடுத்துவிட்டு எதை வரைவது என்று திகைப்பது, கடற்கரையில் நின்றுகொண்டு உப்பைத் தேடுவது போன்றது. இந்தத் தீர்க்கதரிசிக்குச் செய்தி பெரும்பாலும் பொருளாகவே வருகிறது. 1-ஆம் அதிகாரத்தில் வாதுமைக் கிளையும் பொங்குகிற பானையும் வருகின்றன. 13-இல் கெட்டுப்போன சணல்கச்சை, 18-இல் குயவனுடைய திரிகை, 19-இல் உடைக்கப்படும் கலசம், 24-இல் இரண்டு கூடை அத்திப்பழங்கள், 27-இல் அவர் தம் கழுத்தில் பூட்டிக்கொண்ட நுகம். ஆகவே 29-ஆம் அதிகாரத்தில் தாமரையும் ரோஜாவும் வரைகிறவர்கள், நூல் தானே கொடுத்த படங்களைத் தள்ளிவிட்டு, அது கொடுக்காதவற்றை எடுத்துக்கொள்கிறார்கள்.

வாதுமைக் கிளையை எடுத்துக்கொள்ளுங்கள். எபிரெயத்தில் வாதுமைக்கு ஷாகேத் என்று பெயர். அடுத்த வசனத்தில் தேவன் தம் வார்த்தையை நிறைவேற்ற விழித்திருப்பதாகச் சொல்லும் சொல் ஷோகேத். கிளையைக் கண்டதும் காதில் அந்த வினைச்சொல் ஒலித்திருக்கும். தமிழில் ‘வார்த்தையைத் தீவிரமாய் நிறைவேற்றுவேன்’ என்று படிக்கும்போது அந்த ஒலி போய்விடுகிறது; கிளைக்கும் வார்த்தைக்கும் என்ன உறவு என்றே தெரியாமல் நாம் கடந்துவிடுகிறோம். அந்த நாட்டில் குளிர்காலம் முடியும் முன்பே, மற்ற மரங்கள் தூங்கும்போதே பூத்துவிடும் மரம் அது. இலை வருவதற்கு முன்பே கிளை முழுவதும் வெண்மையும் இளஞ்சிவப்புமாகப் பூ நிறைந்துவிடும்.

இங்கே வரைகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நம் தெருவோரத்தில் நிற்கும் அகன்ற இலையுள்ள வாதாம் மரம் வேறு இனம். அதைப் பார்த்து வரைந்தால் இலை நிறைந்த கிளைதான் வரும். எல்லாருக்கும் முன்பே விழித்துக்கொள்ளும் மரம் என்ற கருத்து காணாமற்போகும். எந்த மரம் என்று தேடத் தொடங்கினால்தான் இது தெரியவருகிறது. வரைவதால் வரும் பயன் எனக்குத் தெரிந்தவரை இதுவே. வாசிக்கும்போது கிளை என்று சொல்லிக் கடந்துவிடலாம். வரையும்போது அதில் இலை உண்டா இல்லையா என்று தீர்மானித்தே ஆகவேண்டும்.

சிற்றலை எழுதியது:

மேலே சொன்னதற்கு நான் அறிந்தவர்களுள் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு லிலியாஸ் டிராட்டர். 1853-இல் இலண்டனில் பிறந்தவர். 1876-இல் வெனிஸ் நகரில் தங்கியிருந்தபோது அவருடைய ஓவியங்களைக் கண்ட கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் அவரைத் தம் மாணவியாக ஏற்றுக்கொண்டார். ஓவியத்துக்கே தம்மை முழுவதும் ஒப்படைத்தால் அக்காலத்தின் தலைசிறந்த ஓவியர்களுள் ஒருவராகலாம் என்று அவர் நம்பிக்கை கொடுத்தும், முதலாவது தேவனுடைய ராஜ்யத்தைத் தேடவேண்டும் என்ற முடிவுடன் லிலியாஸ் அந்த வழியை விட்டார். இலண்டன் தெருக்களில் ஏழைப் பெண்களிடையே ஊழியம் செய்துவிட்டு, இருதயப் பலவீனத்தின் காரணமாக மிஷன் சங்கம் ஏற்காத நிலையிலும், 1888-இல் இரண்டு தோழியருடன் அல்ஜீரியாவுக்குக் கப்பலேறினார். 1928-இல் அங்கேயே இறந்தார்.

ஓவிய வாழ்வை விட்டவர் தூரிகையை விடவில்லை என்பதுதான் நமக்குரிய செய்தி. அந்த நாற்பது ஆண்டுகளின் நாட்குறிப்பேடுகளில், எழுத்துக்கு இடையிலும் ஓரத்திலும் தீப்பெட்டி அளவேயான நீர்வண்ணப் படங்கள் இருக்கின்றன: பாலைவன மணல்மேடு, கதவு, ஒரு பூ, தலையில் துணி போர்த்திய சிறுமி. அவர் வசனத்தை அலங்கார எழுத்தில் எழுதிச் சட்டம் போட்டவர் அல்லர். ஒரு செடியை அது தானே பேசும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். கோதுமைமணி நிலத்தில் விழுந்து சாகாவிட்டால் தனித்திருக்கும் என்ற யோவான் 12:24-இன் கருத்தை, அவருடைய சிறு நூல் ஒன்று செடிகளைக் கொண்டே தொடர்கிறது. மஞ்சள் இதழ்களை உதிர்த்துவிட்ட டான்டலியன் பூ, வெண்பஞ்சு உருண்டையாய் நின்று, காற்று கேட்கக் கேட்கக் கொடுத்துக் கடைசியில் வெறும் காம்பாகிறது. வெறுமையான அந்தக் காம்பையும் அவர் வரைந்தார். பஞ்சு உருண்டையோடு நிறுத்தியிருந்தால் படம் இன்னும் அழகாக இருந்திருக்கும். ஆனால் வசனம் பாதியில் நின்றிருக்கும்.

நம் ஊரில் அந்தப் பூ கிடையாது என்று யாரும் கவலைப்பட வேண்டாம். தாத்தாப்பூச்சி என்று சொல்லிப் பிள்ளைகள் துரத்திப் பிடிக்கும் எருக்கம் விதை இருக்கிறது. போன வாரம் வெடித்த எருக்கங்காய் ஒன்றைப் பறித்து வந்து மேசைமேல் வைத்து வரைந்தேன். மின்விசிறியைப் போட மறந்து வியர்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் ஒருவர் வந்து விசிறியைப் போட்டார். பாடம் அத்துடன் முடிந்தது.

எழுத்தர் ஐயாவுக்கு ஒன்று. ஏட்டில் கைவைப்பதற்கு மிகப் பழைய முன்மாதிரி உண்டு. இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்தி ஏடு எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி இலத்தீனில் எழுதப்பட்டது. ஏறத்தாழ 250 ஆண்டுகள் கழித்து ஆல்ட்ரெட் என்ற குரு, அந்த அருமையான ஏட்டின் வரிகளுக்கு இடையிலேயே ஒவ்வொரு சொல்லுக்கும் பழைய ஆங்கிலத்தில் பொருள் எழுதினார். இன்று எஞ்சியிருக்கும் ஆங்கில நற்செய்தி மொழிபெயர்ப்புகளுள் மிகப் பழையது, ஒருவர் புத்தகத்தில் கிறுக்கியதுதான்.

எழுத்தர் எழுதியது:

ஆல்ட்ரெட் ஒரு சொல்லையும் விடாமல் எழுதினார் என்பதைக் கவனித்தீர்களா? பிடித்த சொல்லுக்கு மட்டும் பொருள் எழுதியிருந்தால் என் மனக்குறைக்கு அவரும் ஆளாகியிருப்பார்.

ஒலிவக்கிளை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஐந்தாம் வாரம் முன்னோக்கிப் போகாமல் 29-ஆம் அதிகாரத்தையே மறுபடியும் எடுத்தேன். சிலருக்கு அது பிடிக்கவில்லை, இருவர் வரவுமில்லை. இம்முறை 27 முதல் 29 வரை மூன்று அதிகாரங்களையும் சத்தமாக வாசித்தோம். பென்சிலைத் தொடுமுன் மூன்று கேள்விகளுக்கு வாயால் பதில் சொல்லவேண்டும் என்று வைத்தேன்: யார் எழுதியது, யாருக்கு எழுதியது, கேட்டவர்களுக்கு அது நல்ல செய்தியாக இருந்திருக்குமா?

மூன்றாவது கேள்வியில்தான் வகுப்பு விழித்துக்கொண்டது. 28-இல் அனனியா என்ற தீர்க்கதரிசி, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன எல்லாரும் இரண்டு வருஷத்தில் திரும்பிவிடுவார்கள் என்று சொல்லி, எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தை உடைக்கிறான். 29:10 எழுபது வருஷம் என்கிறது. அறுபத்திரண்டு வயதான ஓர் அம்மா விரல்விட்டு எண்ணி, அப்படியானால் எனக்கு நூற்றுமுப்பத்திரண்டு வயதாகும், எனக்கில்லை, என் பேத்திக்குத்தான் என்றார்கள். அவர்கள் வரைந்தது காய்ந்த ஒரு கை. அதைப் பிடித்திருக்கும் சின்னக் கை. 11-ஆம் வசனத்தை எழுதவே இல்லை. எண்ணை மட்டும் மூலையில் போட்டார்கள்.

இன்னொரு சகோதரி விவசாயக் குடும்பத்தவர். நுகத்தடியை ஆணியோடும் பூட்டாங்கயிற்றோடும் மிகச் சரியாக வரைந்துவிட்டு, இதை ஒரு மனிதன் கழுத்தில் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தால் தோள் என்னவாகும் தெரியுமா என்று எங்களைக் கேட்டார்கள். எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. மகன் குவைத்தில் வேலை பார்க்கும் ஒருவர் வரைந்தது தபால் உறை. அந்த அதிகாரம் ஒரு கடிதம் என்பதும், சிதேக்கியா ராஜா பாபிலோனுக்கு அனுப்பிய ஆட்கள் கையில் அது போனது என்பதும் அவர் சொல்லித்தான் எனக்கே உறைத்தது. வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள் என்ற 5-ஆம் வசனத்துக்குச் செங்கல்லும் சுரைக்கொடியும் வந்தன. இருவர் மட்டும் பழையபடி பூ வரைந்தார்கள். அதில் ஒருத்தி நான். வகுப்பை நடத்திக்கொண்டே யோசிக்க நேரம் கிடைக்கவில்லை என்று சாக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

படங்கள் அழகாக இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். போன வாரப் பக்கங்களைப் படம் பிடித்துக் குழுவில் போட்டவர்கள் இந்த வாரம் போடவில்லை. எல்லாருமே தனி நோட்டில்தான் வரைந்தார்கள். மை ஊறிய பக்கத்துக்கு பைண்டர் ஐயா சொன்னபடி டிரேசிங் தாளை ஒட்டி, கெட்டுப்போன வசனங்களை அதன்மேல் கையால் எழுதிக் கொடுத்தோம்.

எழுத்தர் எழுதியது:

சகோதரி, உங்கள் பதிவை இரண்டுமுறை வாசித்தேன். வண்ணத்தில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை. என் வேதாகமத்தில் நான் கோடுகூட இழுப்பதில்லை. ஆயினும் பழைய கணக்கு நோட்டு ஒன்றின் பின்பக்கத்தில், 32-ஆம் அதிகாரத்தைப் பென்சிலால் வரைந்து பார்த்தேன். சார்பதிவாளர் அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் எழுத்தராக இருந்தவன் என்பதால், எரேமியா நிலம் வாங்கும் அந்தப் பகுதியை நன்கு அறிந்தவன் என்று நினைத்திருந்தேன். இரண்டுமுறை அதைப் பற்றிப் பிரசங்கமும் செய்திருக்கிறேன். எருசலேம் முற்றுகையில் இருக்கிறது, அவர் காவல் முற்றத்தில் இருக்கிறார், அந்த நிலையிலும் ஆனதோத்திலுள்ள நிலத்துக்குப் பதினேழு சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுக்கிறார் என்று விசுவாசத்தைப் பற்றிப் பேசினேன்.

வரைய உட்கார்ந்ததும் முதல் கோட்டிலேயே நின்றுவிட்டேன். மண்பாண்டத்துக்குள் எத்தனை பத்திரம் வைக்கவேண்டும்? திரும்ப வாசித்தால், முத்திரை போடப்பட்டது ஒன்று, திறந்திருக்கிறது ஒன்று என்று இரண்டு இருக்கின்றன. திறந்த பிரதி யாரும் பார்த்துக்கொள்ள; அதில் யாரேனும் கைவைத்தால் ஒப்பிட்டுப் பார்க்க மூடிய பிரதி. சாட்சிகள் கையெழுத்திடுகிறார்கள், எரேமியாவுக்காக எழுதுபவனான பாருக்கிடம் ஒப்படைக்கப்படுகிறது, நெடுநாள் இருக்கும்படி பாண்டத்தில் வைக்கப்படுகிறது. முப்பது ஆண்டுகள் நான் செய்த வேலை அப்படியே அங்கே இருக்கிறது. அதை நான் பார்த்ததில்லை. நிலத்தின்மேல் நம்பிக்கை வைத்தார் என்று சொன்னேனே தவிர, பத்திரத்தைச் சரியாகப் போட்டார் என்று சொன்னதில்லை. பானை கொஞ்சம் கோணலாக வந்திருக்கிறது. மூடிய பத்திரத்தின்மேல் அரக்கு முத்திரை ஒன்றும் வைத்திருக்கிறேன்.

இறையியல் மாணவன் எழுதியது:

ஐயா, மகிழ்ச்சி. ஒரே ஒரு திருத்தம். அக்காலத்தில் சுருட்டிய பத்திரத்தைக் கயிற்றால் கட்டி, முடிச்சின்மேல் ஈரக் களிமண் உருண்டையை வைத்து முத்திரையை அழுத்துவார்கள். 1982-இல் எருசலேமின் தாவீது நகரப் பகுதியில் நடந்த அகழாய்வில் இத்தகைய களிமண் முத்திரைகள் ஐம்பதுக்கு மேல் கிடைத்தன. பத்திரங்கள் தீயில் போய்விட்டன. அதே தீயில் வெந்து களிமண் கெட்டியாகிவிட்டது. அவற்றுள் ஒன்றில் சாப்பானின் குமாரன் கெமரியா என்ற பெயர் இருக்கிறது. 36-ஆம் அதிகாரத்தில், பாருக் சுருளை வாசித்த ஆலய அறைக்கு உரியவரின் பெயர் அதுவேதான்.

எழுத்தர் எழுதியது:

அரக்கை அழித்துவிட்டேன். கயிறு ஒரு சுற்றா, இரண்டு சுற்றா?